மணியோசை வரும் முன்னே

2022 செப்டம்பர் 28 அன்று, காஞ்சிபுரம் மாவட்டம் ஒரகடத்தை அடுத்த தேவரியம்பாக்கத்தில் சமையல் எரிவாயு சிலிண்டர் கிடங்கு ஒன்று தீப்பிடித்து வெடித்தது. கடும் தீக்காயங்களுடன் பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். அடுத்தடுத்த நாட்களில் அவர்களில் பலர் ஒருவர் பின் ஒருவராக இறந்துபோனார்கள். எரிவாயு விபத்தின் கொடுமை அதன் வேகத்தில் இருக்கிறது. தீ கண்ணில் பட்டபின் ஓடுவதற்கு நேரம் இருப்பதில்லை. நேரம் என்று ஒன்று கிடைத்தால் அது தீக்கு முன்னால், வாயு ஓசையின்றிப் பரவிக்கொண்டிருக்கும் சில நிமிடங்களில்தான் கிடைக்கும். அந்தச் சில நிமிடங்களைப் பிடித்துக் கொடுப்பதற்காகவே நிலையான வாயு கண்டறியும் அமைப்பு என்ற ஒன்றை மனிதர்கள் உருவாக்கினார்கள்.

காஞ்சிபுரம் என்றால் வெளியூர்க்காரருக்குப் பட்டும் கோபுரமும். மாவட்டத்தின் மறுபக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று நீளும் சிப்காட் தொழிற்பேட்டைகள் இருக்கின்றன. கார், கைப்பேசி, கண்ணாடி என்று எல்லாம் அங்கே உருவாகின்றன. பெரிய கேன்டீன்களுக்கும் உலைகளுக்கும் எல்பிஜி, வண்ணப்பூச்சுக் கூடங்களில் கரைப்பான்களின் ஆவி, குளிர்பதனக் கிடங்குகளில் அமோனியா என, அந்த மதில்களுக்குள் உலவும் வாயுக்கள் பல. அவை இருக்கும் இடங்களில் சுவரிலோ தூணிலோ உள்ளங்கையளவு உலோகக் கருவி ஒன்று தலைகீழாக, வாயைத் தரைப்பக்கம் வைத்துத் தொங்குவதைப் பார்க்கலாம். தண்ணீரும் தூசியும் உள்ளே போகாமலிருக்கத்தான் அந்தக் கவிழ்ந்த நிலை. அதிலிருந்து ஒரு கம்பி கண்ட்ரோல் ரூமுக்குப் போகிறது.

அந்தக் கருவி எதை அளக்கிறது? எல்பிஜியை எடுத்துக்கொள்வோம். புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த இந்த வாயு காற்றில் ஏறத்தாழ 2 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தீக்குச்சி கிழித்தாலும் பற்றாது. சுமார் 9.5 சதவீதத்துக்கு மேலே போனாலும் பற்றாது. எரிய ஆக்சிஜன் போதாது. இடைப்பட்ட பகுதிதான் ஆபத்து. கீழ் எல்லைக்கு எல்இஎல் என்று பெயர். தொழிற்சாலை டிடெக்டர் காட்டும் எண் காற்றில் வாயு எத்தனை சதவீதம் என்பதல்ல, எல்இஎல்-இல் எத்தனை சதவீதம் என்பது. திரையில் 100 என்று வந்தால் காற்று பற்றிக்கொள்ளத் தயாராகிவிட்டது என்று பொருள். அதனால் முதல் அலாரத்தைப் பெரும்பாலும் 20-இலோ அதற்குக் கீழோ வைப்பார்கள். அடுத்ததை 40 வாக்கில். எல்பிஜிக்கு 20 என்றால் காற்றில் வெறும் 0.4 சதவீதம்தான்.

வீட்டுச் சிலிண்டரில் இருக்கும் 14.2 கிலோ திரவம் ஆவியானால் ஏறத்தாழ 6 கன மீட்டர் வாயு ஆகும். அது 2 சதவீதமாகப் பரவினால் 300 கன மீட்டர் காற்றைத் தீப்பற்றக்கூடியதாக மாற்றிவிடும். பத்து மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் கொண்ட ஓர் அறை முழுவதற்கும் ஒரே சிலிண்டர் போதும். நூற்றுக்கணக்கில் அடுக்கிய கிடங்கை நினைத்துப் பாருங்கள். அதோடு எல்பிஜி காற்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கனமானது. மேலே போகாது, தரையோடு தவழ்ந்து பள்ளத்தையும் வடிகாலையும் தேடிப் போய்த் தேங்கும். எனவே எல்பிஜி டிடெக்டரை முழங்காலுக்குக் கீழே, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் பொருத்த வேண்டும். ஹைட்ரஜனுக்கு நேர்மாறாகக் கூரையடியில். கார்பன் மோனாக்சைடு காற்றின் கனமே கொண்டது, அதற்கு மூச்சுவிடும் உயரத்தில். இவையெல்லாம் பாடப்புத்தக விதிகள். உண்மையான கூடத்தில் ஒரு பெரிய மின்விசிறியோ திறந்திருக்கும் ஒரு ஷட்டர் கதவோ இவை அனைத்தையும் புரட்டிப்போடும். அனுபவமுள்ள பொறியாளர்கள் புகையைக் கிளப்பிவிட்டு, அது எங்கே போகிறது என்று பார்த்தபின்தான் சுவரில் துளை போடச் சொல்வார்கள்.

எரியும் வாயுக்களைப் பிடிக்கும் மூத்த நுட்பம், அந்த வாயுவைக் கருவிக்குள்ளேயே கொஞ்சம் எரித்துப் பார்ப்பது. 1920-களில் கலிபோர்னியாவின் எண்ணெய் நிறுவனம் ஒன்றில் ஆலிவர் ஜான்சன் என்பவர், எண்ணெய்க் கப்பல் தொட்டிகளில் நடந்த வெடிப்புகளைத் தடுப்பதற்காக இதன் முன்னோடியை உருவாக்கினார். இன்று அது ஒரு சிறு மணியாகச் சுருங்கியிருக்கிறது. மயிரிழை போன்ற பிளாட்டினக் கம்பிச் சுருளின் மேல் அலுமினா, அதன் மேல் பல்லேடியம் போன்ற வினையூக்கி. மின்சாரம் பாய்ச்சி ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸில் இதைக் காயவைத்திருப்பார்கள். வாயு வந்து தொட்டால் வினையூக்கியின் மேல் சுடரின்றி எரியும். மணி இன்னும் சூடாகும், கம்பியின் மின்தடை கூடும். பக்கத்திலேயே வினையூக்கி பூசாத இரட்டை மணி ஒன்று இருக்கும். பட்டுநூல் நிறுக்கும் தராசில் இரண்டு தட்டுகள் இருப்பது போல, இந்த இரண்டும் ஒரு மின்சுற்றில் எதிரெதிரே நிற்கின்றன. வெயிலும் ஈரப்பதமும் இரண்டையும் ஒருசேரப் பாதிப்பதால் தட்டு அசையாது. வாயு மட்டும்தான் ஒரு பக்கத்தைச் சாய்க்கும். அந்தச் சாய்வே அளவு.

எரிவாயு சூழ்ந்த இடத்தில் 500 டிகிரி மணியை வைப்பது ஆபத்தில்லையா? அதற்காகத்தான் மணியின் முன்னால் நுண்துளைகள் கொண்ட உலோகத் தட்டு ஒன்று வைத்திருக்கிறார்கள். வாயு உள்ளே வரலாம், உள்ளே பற்றினாலும் நெருப்பு வெளியே போக முடியாது. துளைகளின் உலோகம் சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் சுடர் அணைந்துவிடும். 1815-இல் ஹம்ப்ரி டேவி நிலக்கரிச் சுரங்க விளக்கைக் கம்பிவலையால் மூடியபோது கண்ட அதே உண்மைதான் இது. இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அதை மிஞ்சிய எளிய வழி கிடைக்கவில்லை.

இந்த மணிக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு, இரண்டும் உயிரோடு விளையாடக்கூடியவை. எரிய ஆக்சிஜன் வேண்டும் என்பதால், கசிவு மிகப் பெரியதாகி வாயு காற்றையே தள்ளிவிட்டால் அளவு ஏறி, பிறகு இறங்கத் தொடங்கும். இறங்கும் எண்ணைப் பார்த்து கசிவு அடங்கிவிட்டது என்று நினைத்து உள்ளே போகிறவர் மிக மோசமான இடத்துக்குள் போகிறார். நல்ல அமைப்புகள் இதனாலேயே அளவு உச்சத்தைத் தொட்டதும் அந்த நிலையைப் பூட்டிவைத்து, ஆள் வந்து சோதிக்கும் வரை விடுவதில்லை.

இரண்டாவது பலவீனம் விஷம். சிலிக்கோன் சேர்ந்த ஆவி சிறிதளவு பட்டாலும் வினையூக்கியின் மேல் மணல் போன்ற மெல்லிய படலம் படிந்துவிடும். அதன்பின் வாயு வந்தாலும் மணிக்குத் தெரியாது. கார்களின் வண்ணப்பூச்சுக் கூடத்தில் வேலை செய்பவர்களுக்குச் சிலிக்கோன் தெரிந்த எதிரிதான். உடலில் பூசும் வாசனை ஸ்ப்ரேயில், கைக்குத் தடவும் கிரீமில் இருக்கும் சிலிக்கோன்கூடப் பளபளக்கும் வண்ணத்தில் குழிகளை விழவைக்கும் என்பதால் அவற்றுக்கு அங்கே தடை உண்டு. அதே பொருள் அதே கூடத்தின் சுவரிலிருக்கும் டிடெக்டரையும் கொன்றுவிடுகிறது. வண்ணம் கெட்டால் காரைப் பார்த்தவுடன் தெரியும். டிடெக்டர் செத்தால் திரையில் பூஜ்யம் என்று வரும். ஆபத்தில்லாத நாளிலும் அதே பூஜ்யம்தான் வரும். வாயு கண்டறியும் தொழிலின் அத்தனை சிரமமும் இந்த இரண்டு பூஜ்யங்களையும் பிரித்தறிவதில் அடங்கியிருக்கிறது என்றே சொல்வேன்.

கம்பியின் பக்கத்தில் அந்தச் சிரமத்துக்கு அழகான ஒரு விடை கிடைத்திருக்கிறது. டிடெக்டர் தன் அளவைக் கண்ட்ரோல் ரூமுக்கு மின்னோட்டமாக அனுப்புகிறது. பூஜ்ய அளவுக்குப் பூஜ்ய மின்னோட்டம் என்று வைத்திருந்தால், எலி கடித்துக் கம்பி அறுந்தாலும் வாயு இல்லை என்றே அர்த்தமாகிவிடும். அதனால் வாயு இல்லாதபோது 4 மில்லி ஆம்பியர், முழு அளவுக்கு 20 மில்லி ஆம்பியர் என்று வைத்தார்கள். மின்னோட்டம் 4-க்குக் கீழே இறங்கினால் கருவியோ கம்பியோ பழுது. எல்லாம் நலம் என்று சொல்வதற்கும் கருவி உயிரோடிருக்க வேண்டும்.

ஆனால் இது கம்பி அறுந்ததைச் சொல்லுமே தவிர, மணி நஞ்சேறிக் கிடப்பதைச் சொல்லாது. அந்த விஷயத்தில் அகச்சிவப்பு டிடெக்டர் மேல். ஹைட்ரோகார்பன் மூலக்கூறுகளில் கார்பனும் ஹைட்ரஜனும் பிணைந்திருக்கும் இடம் 3.3 மைக்ரோமீட்டர் அலைநீளத்துக்கு அருகிலுள்ள அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சும். ஒளியை அனுப்பி எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்த்தால் வாயுவின் அளவு தெரிந்துவிடும். எதையும் எரிப்பதில்லை என்பதால் ஆக்சிஜன் வேண்டாம், சிலிக்கோன் பயமும் இல்லை. விளக்கு அணைந்தாலோ கண்ணாடியில் அழுக்கு படிந்தாலோ தானே பழுது என்று அறிவித்துவிடும். விலை கூடுதல்தான். இருந்தாலும் பெரிய எல்பிஜி கிடங்குகளுக்கும் நிரப்பு நிலையங்களுக்கும் அது கூடுதல் என்று நான் நினைக்கவில்லை.

அதற்கும் குருட்டுப் புள்ளி உண்டு. ஹைட்ரஜன் வாயு அகச்சிவப்பை உறிஞ்சாது. ஸ்ரீபெரும்புதூரில் செய்வது போன்ற மிதவைக் கண்ணாடி, உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதந்து உருவாகிறது. வெள்ளீயம் துருப்பிடிக்காமலிருக்க மேலே நைட்ரஜனோடு சிறிது ஹைட்ரஜன் கலந்த வாயுவை நிரப்பிவைப்பார்கள். அங்கே விலை உயர்ந்த அகச்சிவப்புக் கருவியை மாட்டினால் அது கண் திறந்தபடி எதையும் காணாமலிருக்கும். பழைய மணிதான் அங்கே வேண்டும், அல்லது மின்வேதிக் கலம். வாயுவைத் தெரியாமல் கருவி வாங்கக் கூடாது.

மின்வேதிக் கலம் நச்சு வாயுக்களுக்கானது. அமோனியாவோ ஹைட்ரஜன் சல்பைடோ வெடிக்கும் அளவை எட்டுவதற்கு வெகு முன்பே மனிதனைக் கொன்றுவிடும். அமோனியா காற்றில் 15 சதவீதம் இருந்தால்தான் பற்றும்; 300 பிபிஎம், அதாவது 0.03 சதவீதம் இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து. ஆகவே இங்கே எல்இஎல் கணக்கு உதவாது. கலத்துக்குள் வாயு ஒரு சவ்வைத் தாண்டி வந்து மின்முனையில் வினைபுரியும்போது மைக்ரோ ஆம்பியர் அளவில் மின்னோட்டம் பிறக்கும். வாயு எவ்வளவோ அவ்வளவு மின்னோட்டம். உள்ளேயிருக்கும் திரவம் மெல்ல மெல்லத் தீர்ந்துபோவதால் இரண்டு மூன்று ஆண்டுகளில் கலத்தை மாற்ற வேண்டும். நம் ஊர்க் கத்திரி வெயில் அந்தத் திரவத்தை இன்னும் சீக்கிரம் உலர்த்தும். ஐப்பசி கார்த்திகை மழையில் சவ்வின் மேல் நீர் படிந்து வாயுவை மறிக்கும். எட்டுக்கால் பூச்சி கூடு கட்டி அடைத்துவிடுவதும் உண்டு. குளிர்நாட்டில் அச்சிட்ட பராமரிப்பு அட்டவணையை அப்படியே பின்பற்றினால் போதாது என்பதற்கு இவை போதுமான காரணங்கள்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. கோரமண்டல் இன்டர்நேஷனல் நிறுவனத்தின் குழாய் அது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மீனவர்கள் மூக்கும் கண்ணும் எரிந்து தூக்கத்திலிருந்து எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். பின்னர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தபோது, ஆலை வாயிலருகே காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அமோனியா இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 400. கடல்நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மிகாமல் இருக்க வேண்டிய இடத்தில் 49.

அந்த 2,090-ஐ பிபிஎம்மாக மாற்றிப் பார்த்தால் ஏறத்தாழ 3 வருகிறது. அன்று நடப்பிலிருந்த தொழிற்சாலைச் சட்டத்தின்படி தொழிலாளி எட்டு மணிநேரம் சுவாசிக்க அனுமதிக்கப்பட்டிருந்த அமோனியா 25 பிபிஎம். எனவே 25-இல் ஒலிக்கும்படி அமைத்த டிடெக்டர் ஒன்று அந்த வாயிலில், அந்த நேரத்தில் இருந்திருந்தாலும் வாய் திறந்திருக்காது. ஆரோக்கியமான, பயிற்சி பெற்ற, வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடும் ஒருவருக்காக வகுத்த எல்லை, மதிலுக்கு அப்பால் தூங்கும் கைக்குழந்தைக்கும் ஆஸ்துமாக்காரருக்கும் பொருந்தாது. மதிலோரத்தில் வைக்கும் டிடெக்டருக்கு வேறு எல்லை, வேறு நுண்மை வேண்டும். ஊரை நோக்கிய பக்கத்தில் அவற்றை வைப்பது தொழிற்சாலை செய்யும் தயவல்ல. கருவி இல்லாத இடத்தில் மனித உடல்தான் கருவியாகிவிடுகிறது. எண்ணூரில் அன்றிரவு கசிவைக் கிராமத்துக்கு அறிவித்தவை அந்த மக்களின் கண்களும் தொண்டைகளும்தான்.

1984-இல் விஷவாயு கசிந்த போபால் ஆலையில் உடலைக் கருவியாக்குவது வேலை முறையாகவே இருந்தது. மீத்தைல் ஐசோசயனேட் கசிகிறதா என்பதைத் தொழிலாளர்கள் கண்ணில் எரிச்சலும் நீரும் வருவதை வைத்து அறிந்தார்கள். அந்த வாயுவுக்குப் பணியிட வரம்பு 0.02 பிபிஎம், கண் கரிக்கத் தொடங்குவது 2 பிபிஎம் வாக்கில். அதாவது அந்த அலாரம் வரம்பை நூறு மடங்கு தாண்டியபின் அடிக்கும் அலாரம். டிசம்பர் 2 இரவு அப்படித்தான் முதலில் கசிவைக் கண்டுபிடித்தார்கள். மூக்கை நம்புவது அதைவிட மோசம். கழிவுநீர்த் தொட்டிகளில் ஊறும் ஹைட்ரஜன் சல்பைடு மிகச் சிறு அளவில் அழுகிய முட்டையாக நாறும். 100 பிபிஎம்மை எட்டும்போது மோப்ப நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று இறங்குகிறவர் திரும்புவதில்லை. காப்பாற்ற இறங்குகிறவரும் திரும்புவதில்லை. 2013-ஆம் ஆண்டு மனிதக் கழிவகற்றும் தொழில் தடைச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், நான்கு வாயுக்களை அளக்கும் கருவியைப் பாதுகாப்புச் சாதனங்களின் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. சுவரில் மாட்டும் நிலையான கருவி ஓர் இடத்தைக் காவல் காக்கிறது. சட்டைப்பையில் தொங்கும் கருவி ஒரு மனிதரைக் காக்கிறது. தொட்டிக்குள் இறங்கும் வேலைக்கு இரண்டாவதுதான் வேண்டும், அதுவும் இறங்குவதற்கு முன்னால் கயிற்றில் கட்டி உள்ளே விட்டுப் பார்த்தபின். கழிவுநீர்த் தொட்டி மரணங்களில் முன்வரிசையில் நிற்கும் மாநிலத்தில் வாழ்ந்துகொண்டு இதை விலை அதிகம் என்று தள்ளிவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி, டிடெக்டர் வாயுவைக் கண்டபின் என்ன நடக்கிறது என்பது. முதல் அலாரத்தில் விளக்கும் ஒலியும்; காற்றோட்ட விசிறிகள் முழு வேகத்துக்குப் போகும். இரண்டாவது அலாரத்தில் குழாயின் அடைப்பிதழ் தானே மூடிக்கொள்ளும், மின்சாரம் துண்டிக்கப்படும், ஆட்கள் வெளியேற வேண்டும். ஒரு டிடெக்டரின் பேச்சைக் கேட்டு ஆலையையே நிறுத்தினால் பொய் அலாரங்களால் உற்பத்தி நின்றுபோகும். அதனால் பல இடங்களில் மூன்று டிடெக்டர்களை வைத்து, இரண்டு ஒத்துச் சொன்னால் மட்டும் நிறுத்தும் ஏற்பாடு இருக்கும். பொய் அலாரம் சின்னத் தொல்லையல்ல. அடிக்கடி கத்தும் கருவியை யாராவது ஒரு ஷிப்டில் அணைத்துவைப்பார்கள். பழுதுபார்க்கும் நேரத்துக்கென்று முடக்கிவைத்த டிடெக்டரைத் திரும்ப இயக்க மறந்துவிடுவார்கள். முடக்கிய ஒவ்வொன்றும் யார் பெயரில், எத்தனை மணிவரை என்று பதிவேட்டில் எழுதப்படும் ஆலையில்தான் எனக்கு நம்பிக்கை வரும்.

பூஜ்யத்தைச் சோதிக்க இன்றுவரை ஒரே வழிதான் இருக்கிறது. உண்மையான வாயுவைக் காட்டிப் பார்க்க வேண்டும். அளவு தெரிந்த வாயு நிரப்பிய சிறு சிலிண்டரைக் கொண்டுபோய் டிடெக்டரின் வாயில் பிடித்து, அலாரம் அடிக்கிறதா, எத்தனை நொடியில் அடிக்கிறது என்று பார்ப்பது பம்ப் டெஸ்ட். எண் சரியாக வரும்படி திருத்துவது காலிபரேஷன். ஏணி வைத்து ஏறி ஒவ்வொரு கருவியாகச் செய்யும் இந்த வேலையில் பகட்டு எதுவும் இல்லை. புதிய கருவி வாங்கியதைப் புகைப்படம் எடுத்துப் போடுவார்கள். ஏணியில் நிற்கும் டெக்னீஷியனை யாரும் எடுப்பதில்லை. அந்த ஏணிதான் அமைப்பு.

அலாரம் யார் காதில் விழுகிறது என்பது மிச்சமிருக்கிறது. 2020 மே 7 அதிகாலையில் விசாகப்பட்டினத்தில் எல்ஜி பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரீன் ஆவி வெளியேறி 12 பேர் இறந்தார்கள். ஊரடங்கில் தேங்கிக் கிடந்த தொட்டி உள்ளுக்குள்ளேயே சூடேறியது. வெப்பமானி தொட்டியின் அடியில் மட்டும் இருந்தது, மேலே ஏறிய சூடு அதற்குத் தெரியவில்லை. ஆந்திர அரசின் உயர்நிலைக் குழு விசாரித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. சைரனை ஒலிக்கவிட ஆலையில் 36 இடங்களில் வசதி இருந்தது. ஒன்றையும் பயன்படுத்தவில்லை. ஆலையைச் சுற்றித் தூங்கியவர்களை எழுப்பியது அங்கேயும் வாயுதான்.

போபாலுக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தில் அபாயகரமான தொழில்களுக்கென்று தனி அத்தியாயம் சேர்ந்தது. 1989-இல் அபாயகரமான இரசாயனங்களுக்கான விதிகள் வந்தன. குறிப்பிட்ட அளவுக்கு மேல் இத்தகைய பொருளை வைத்திருக்கும் ஆலை, தன் மதிலுக்குள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவசரகால ஒத்திகை நடத்த வேண்டும். மதிலுக்கு வெளியே மாவட்ட நிர்வாகம் ஆண்டுக்கு ஒருமுறையாவது நடத்த வேண்டும். விபத்து நேர்ந்தால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும் என்பதும் அந்த விதிகளில் இருக்கிறது. சுங்குவார்சத்திரத்திலோ ஒரகடத்திலோ இத்தகைய ஆலையின் அருகே குடியிருப்பவர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அலுவலகத்திலும், கிராம சபையிலும் கேட்கலாம். பக்கத்து ஆலையில் எந்த வாயு இருக்கிறது, அதன் சைரன் எப்படி ஒலிக்கும், கடைசி ஒத்திகை எப்போது நடந்தது, ஊரில் யார் யார் அதில் கலந்துகொண்டார்கள், சைரன் கேட்டால் எந்தப் பக்கம் போக வேண்டும். கடைசிக் கேள்விக்குப் பொதுவான பதில் ஒன்றை இப்போதே சொல்லிவிடலாம்: வாயுவுக்கு முதுகைக் காட்டிக் காற்று வீசும் திசையிலேயே ஓடினால் அது துரத்திக்கொண்டே வரும், காற்றுக்குக் குறுக்காக, பக்கவாட்டில் நடந்து அதன் பாதையைவிட்டு விலக வேண்டும்.